பூஜ்ஜியம் வாங்கியவர்கள்

சாய்வுமானியில் விரலை வைத்த தெரசம்மாவுக்கு எழுபத்தொன்று வந்தது. திரையில் எத்தியோப்பிய முகங்களைக் காட்டி, பார்ப்பவர் மனம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று நூற்றுக்கு அளந்து சொல்லும் கருவி அது. பத்தைத் தாண்டினால் ஜூரியில் இடமில்லை. நிலாக் குடியிருப்பின் கேண்டீனில் இருபது வருடமாக எல்லோருக்கும் சோறு போடும் தெரசம்மா, தன் மனம் அவர்களுக்கு எதிராகவா இவ்வளவு சாய்கிறது என்று வெட்கத்தோடு கையை இழுத்துக்கொண்டாள்.

குற்றம் சாட்டப்பட்டவன் ததேசே, எத்தியோப்பிய வெல்டர். விதைக் கிடங்கை உடைத்தானாம். தீர்ப்பு பாதகமானால் மனைவியையும் மகளையும் இங்கே விட்டுவிட்டுப் பூமிக்குப் போக வேண்டும். திரும்பி வர முடியாது.

அரசு வக்கீல் பொன்னம்பலவாணனுக்கு ஒரே கொண்டாட்டம். முன்பெல்லாம் ததேசேயின் ஆட்களை ஜூரியிலிருந்து கழிக்க அவர் காரணம் தேட வேண்டும். ஒருவர் கொட்டாவி விட்டார், இன்னொருவர் முறைத்தார் என்பார். இப்போது அவர்கள் தங்கள் ஆள் பக்கம் சாய்கிறார்கள் என்று கருவியே கழித்துவிட்டது. முந்நூறு பேரில் பன்னிரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். அத்தனை பேருக்கும் சுத்தப் பூஜ்ஜியம்.

ததேசேயின் வக்கீல் மங்கை அவர்களை விசாரித்தாள். எல்லோரும் தொலைதூரச் சுரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ததேசேயின் ஆட்களோடு பேசியதில்லை, சாப்பிட்டதில்லை, சண்டைகூடப் போட்டதில்லை. வழக்கு மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடுமா என்று ஒருவர் கேட்டார்.

"அம்மா, இவங்களுக்கு அக்கறையே இல்ல. நீங்களும் ஒரு தடவை விரலை வச்சுப் பாருங்க" என்றாள் மங்கை நீதிபதியிடம்.

நீதிபதிக்கு இருபத்துமூன்று வந்தது. அந்த அம்மாள் நல்ல மனுஷி, வாய்விட்டுச் சிரித்தார். பிறகு உத்தரவு போட்டார்: யாரையும் கழிக்க வேண்டாம், சீட்டுக் குலுக்கி எடுங்கள், ஆனால் அவரவர் எண்ணை அவரவர் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

சீட்டில் தெரசம்மாவின் பெயர் வந்தது. ஜூரி அறையில் மற்றவர்கள் அவசரப்பட்டபோது அவள் விடவில்லை.

"என் கழுத்துல எழுபத்தொண்ணு தொங்குது. நான் அரைகுறையா முடிவு சொன்னா நாளைக்கு யார் என் கையால சாப்பிடுவாங்க?"

வெளிக்கதவுப் பதிவேட்டை வரவழைத்து மூன்று முறை பார்த்தாள். கிடங்கு உடைந்த நேரத்தில் ததேசே விண்ணுடையோடு வெளியே வெல்டிங் செய்துகொண்டிருந்தான். விடுதலை. அன்று கேண்டீனில் எல்லோருக்கும் பாயசம்.

ஆறு மாதம் கழித்துப் பொன்னம்பலவாணனே கூண்டில் நின்றார். வண்டியைத் தாறுமாறாக ஓட்டிக் குடியிருப்பின் கண்ணாடிச் சுவரில் மோதிய வழக்கு; தீர்ப்பு பாதகமானால் அவருக்கும் அதே தண்டனை, பூமிதான். பிரேக் பிடிக்கவில்லை என்பது அவர் வாதம். குலுக்கலில் ததேசே வந்தான். தமிழ் முகங்களைக் காட்டி அளந்தபோது எதிர்ப்பக்கமாக அவனுக்கு வந்த அறுபத்துநான்கு கழுத்தில் தொங்கியது. ஆட்சேபம் உண்டா என்று நீதிபதி கேட்டார்.

பொன்னம்பலவாணன் தெரசம்மாவை நினைத்துக்கொண்டார். பெரிய எண் வாங்கியவர்கள்தான் விடுதலை தருகிறார்கள் என்று கணக்குப் போட்டார்.

"இவரே இருக்கட்டும்மா" என்றார் பெருந்தன்மையாக.

ததேசே கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தான்.

"ஐயாவுக்கு என்னால அநியாயம் நடந்துடக் கூடாது. அந்த பிரேக்கைக் கழட்டிக் கொண்டுவரச் சொல்லுங்க. நானே பார்க்கிறேன்."

பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை என்பது அந்த அறையில் பொன்னம்பலவாணன் ஒருவருக்குத்தான் தெரியும்.