கொம்பையாவின் விடுபங்கு

மாதத்தின் முதல் தேதி என்றால், வெயில் ஏறுவதற்குள் நடுக்காட்டூர்க்காரர்கள் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுவார்கள். பத்து மணிக்கு வெயில் எச்சரிக்கைச் சங்கு ஊதிவிட்டால் வெளியே தலைகாட்ட முடியாது. நிறுத்தத்தை ஒட்டி ஆள் உயரத்துக்கு நிற்கிறது நாடித்தூண். அதில் மணிக்கட்டை வைத்தால் துடிப்பை வைத்தே ஆள் யாரென்று தெரிந்துகொள்ளும். "உங்கள் ஒளிப்பங்கு வந்துவிட்டது" என்று சொல்லும். அவ்வளவுதான். பணம் எதற்கு என்று கேட்காது. வேலைக்குப் போகிறாயா, குடிக்கிறாயா, பிள்ளையைப் படிக்கவைக்கிறாயா, எதையும் கேட்காது. கேட்கக் கூடாது என்பது சட்டம்.

ஊரைச் சுற்றிய கரிசல் முழுக்க இப்போது வெயில்வயல். கண்ணுக்கெட்டிய தூரம் பேனல்கள். அங்கே விளையும் மின்சாரத்தில் ஊரில் மூச்சுவிடும் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் உண்டு.

இசக்கியம்மாள் கையை வைத்தாள். அவள் பங்கு வந்தது. தூண் அதோடு நிற்கவில்லை.

"கொம்பையாவின் விடுபங்கு இன்னும் எடுக்கப்படவில்லை. பத்தாம் தேதியோடு அது பொதுநிதிக்குத் திரும்பிவிடும். எடுப்பதானால் சொல்லுங்கள். இது கொம்பையாவின் விருப்பமா?"

கொம்பையா அவள் கணவர்; போய் ஓராண்டு ஆகப்போகிறது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். போன மாதமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அதற்கு முந்தைய மாதங்களிலும்.

ஒரு சாவோடு ஒரு வீடு சரிந்துவிடக் கூடாது என்பதற்காக, இறந்தவரின் பங்கை இன்னும் ஓராண்டு கொடுக்கிறார்கள். அதற்குப் பெயர் விடுபங்கு. உயிரோடு இருப்பவரிடம் எதுவும் கேட்காத தூண், இதற்கு மட்டும் அந்த ஒரு கேள்வியைக் கேட்கும். சட்டம் எழுதியவர்கள் அதை ஒரு மரியாதையாக நினைத்து வைத்திருப்பார்கள். யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை. "ஆமாம்" என்றால் போதும்.

ஆனால் நடுக்காட்டூரில் ஒரு பழக்கம் உண்டு. செத்தவர் பேரைச் சொல்லி, வருஷம் திரும்புகிறவரை பொய் பேசமாட்டார்கள். அது சத்தியம் பண்ணுவதற்குச் சமம். நகரத்தில் உட்கார்ந்து கேள்வியை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

இசக்கியம்மாளுக்கு அந்தப் பணம் வேண்டும். மகள் நிலானி பள்ளிப்படிப்பை முடித்துவிட்டாள். தூத்துக்குடியில் காற்றாலை டெக்னீஷியன் படிப்பு. பணம் கட்டக் கடைசி நாளும் பத்தாம் தேதிதான். அம்மாவும் மகளும் வாங்கும் பங்கில் சோறு உண்டு, துணி உண்டு. இந்தக் கட்டணத்துக்குக் காணாது. கொம்பையாவின் ஓராண்டுப் பங்கு இருந்தால் கட்டிவிடலாம். விண்ணப்பத்தை இசக்கியம்மாளே நிரப்பி அனுப்பியிருந்தாள். மகளிடம் காட்டியபோது அவள் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்றாள்.

அது கொம்பையாவின் விருப்பமா என்பதுதான் தெரியவில்லை. இருபது வருஷம் கூட வாழ்ந்தும், இன்னது வேண்டும் என்று அவர் சொல்லி அவள் கேட்டதில்லை.

அன்று காலையே நாத்தனார் செல்லக்கனி வீட்டுக்குப் போனாள்.

"மதினி, ஒங்க தம்பி எதுக்காவது ஆசப்பட்டுப் பாத்திருக்கியளா?"

செல்லக்கனி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "இதக் கேக்கவா வெயில்ல வந்த? ஆமான்னு சொல்லித் தொலச்சா என்னளா? எங்க மாமனாரு செத்தப்ப நான் சொல்லல? அவருக்கு ஐஸ் தண்ணின்னா உசுருன்னு சொல்லி ஃபிரிட்ஜ் வாங்கிட்டேன்."

"அவருக்கு ஆயுசுக்கும் சளியில்லா?"

"சளி இருந்தா ஆச இருக்காதா?" என்று செல்லக்கனி சிரித்தாள். பிறகு கையில் இருந்த கொத்தைக் கீழே வைத்தாள். "வெளையாட்டுக்குச் சொல்லுதேன்னு நெனைக்காத. சின்னதுலகூட அவன் எதுவும் கேட்டதில்ல. கொழம்பு இல்லன்னா வெறுஞ்சோத்தத் தின்னுட்டுப் போயிருவான். கேட்டா கெடைக்கவா போவுதுன்னு இருந்துட்டான்."

இசக்கியம்மாளுக்கு அது தெரியாததல்ல. பங்கு வருவதற்கு முன்னால் அவர்கள் பிழைப்பு கரிமூட்டம். கருவேலமரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, உள்ளே தீ கனிந்துகொண்டே இருக்கும்படி நாள்கணக்கில் காவல் இருக்க வேண்டும். முன்பணம் கொடுத்த வியாபாரி எந்தக் காட்டுக்குச் சொல்கிறாரோ அங்கே போக வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன் முதல் பங்கு வந்த மாதம், வழக்கம்போல முன்பணத்தோடு வந்த வியாபாரியிடம் கொம்பையா, "இந்த வருஷம் வரல" என்றார். மூன்றே சொல். அந்த மனிதர் வேறேதோ வருமென்று கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு கூரை மாறியது. நிலானியின் பள்ளிக்கூடம் ஒருநாள்கூட நிற்கவில்லை. பேனல்களின் நிழலில் இசக்கியம்மாள் கீரை போட்டாள்; கொளுத்தும் கரிசலில் அந்த நிழல் பொன்னாக விளைந்தது. ஆனால் கொம்பையாவின் நெஞ்சுக்குள் அதற்கு முன்பே புகை குடியேறியிருந்தது. அதை எந்தப் பணத்தாலும் வெளியேற்ற முடியவில்லை.

மறுநாள் தவசியைத் தேடிப் போனாள். கொம்பையாவோடு பதினைந்து வருஷம் மூட்டம் போட்டவர். இப்போது பேனல் துடைக்கிறார்.

"ஆசையா?" தவசி துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். "அப்படி ஒண்ணும் சொன்னதில்ல தாயி. ஆனா ஒண்ணு. பங்கு வாங்குத அன்னைக்கு, டீக்கடையில வந்து உக்காருவான். டீயக்கூட ஒரு மணி நேரம் குடிப்பான். 'ஏம்டே, வேல வெட்டி இல்லயா'ம்பேன். என்ன சொல்லுவான் தெரியுமா?"

"என்ன?"

"'தவசி, பொறந்ததுலேருந்து எவன்கிட்ட துட்டு வாங்குனாலும் எதுக்குன்னு கேட்டிருக்கான். மருந்துக்குன்னு சொன்னா சீட்டக் காட்டும்பான். இந்தத் தூணு ஒண்ணுதான் கேக்காமக் குடுக்கு. இதே மாதிரி நானும் யாருக்காவது கேக்காமக் குடுக்கணும்டே. குடுக்கதுக்குத்தான் எங்கிட்ட ஒண்ணுமில்ல'ம்பான்."

தவசி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

நேராக நாடித்தூணுக்கு நடந்தாள். கை வைத்தாள்.

"இது கொம்பையாவின் விருப்பமா?"

"ஆமா," என்றாள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "எல்லாத்தையும் மக நிலானி பேருக்குப் போடு. கட்டணத்துக்கு இல்ல. அவ கைக்கு."

"பதிவாகிவிட்டது" என்றது தூண்.

வீட்டில் நிலானி கைப்பேசியைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "அம்மா, அப்பா காசு முழுசா எனக்கு வந்திருக்கு."

"ஒங்க அப்பா குடுத்தது."

"தூத்துக்குடிக்குக் கட்டவா?"

ஆமாம் என்ற சொல் இசக்கியம்மாளின் நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு மாதமாக அந்தப் படிப்பைத் தவிர வேறெதையும் அவள் நினைத்ததில்லை. விழுங்கிக்கொண்டாள்.

"ஒன் துட்டு. எதுக்குன்னு நான் கேக்கமாட்டேன்."

"நெசமாவா? நீயா?"

"ஏன், என்னப் பாத்தா எப்படித் தெரியுது?"

நிலானி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் வழக்கத்தைவிட அதிகம் சாப்பிட்டாள்.

பத்தாம் தேதி காலை இசக்கியம்மாள் ரோட்டோரப் பாத்தியில் கீரை அறுத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தத்தில் நிலானி பையோடு நின்றாள். ஏழு மணிக்குத் தூத்துக்குடி பஸ் வந்தது. நின்றது, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டது, போய்விட்டது. நிலானி நின்ற இடத்திலேயே நின்றாள்.

இசக்கியம்மாளின் கையில் அரிவாள் நின்றுவிட்டது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். வாய்வரை எத்தனை கேள்விகள் வந்தன என்று அவளுக்கு மட்டுமே தெரியும். ஒரு சர்க்காருக்குக் கேட்காமல் இருப்பது எவ்வளவு சுலபம்! அது பெற்று வளர்க்கவில்லை.

ஏழரைக்கு எதிர்ப்பக்கம் போகும் கோவில்பட்டி பஸ் வந்தது. நிலானி படியில் கால் வைத்து, திரும்பிப் பாத்தியைப் பார்த்தாள். அம்மாவிடமிருந்து ஒரு சொல் வருமென்று காத்திருந்ததுபோல இருந்தது.

தன் வீட்டிலேயே ஒருத்திக்கு வேறேதோ வேண்டியிருக்கிறது. என்னவென்று இசக்கியம்மாளுக்குத் தெரியாது. செத்தவரின் ஆசையை ஊரெல்லாம் விசாரித்துத் திரிந்தவள், பக்கத்தில் படுத்திருந்தவளுக்கும் ஒன்று இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"பாத்துப் போயிட்டு வா தாயி!" என்று உரக்கச் சொன்னாள்.

நிலானி ஊர் பார்க்கச் சிரித்தாள். பஸ் புறப்பட்டது. சங்கு ஊத இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. இசக்கியம்மாள் குனிந்து அடுத்த பிடியை அறுத்தாள்.