உள்ளே இருப்பவர்கள்: மூன்று

வாசல் கதவை ஒட்டிக் கூடத்துச் சுவரில் பதித்திருந்த சின்னத் திரையில் ‘உள்ளே இருப்பவர்கள்: 3’ என்று இருந்தது. அவள் அதைக் கடந்துபோய், இரண்டடி தள்ளி நின்று, திரும்பிப் பார்த்தாள். வீட்டில் அவளும் ஏழு வயது மகளும்தான். சாமான் ஏற்ற வந்தவர்கள் கடைசி பீரோவோடு வெளியே போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

ஆட்கள் மாறி மாறி வந்துபோனதில் கணக்குத் தப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கதவு, பூட்டு, விளக்கு, தலை எண்ணுவது வரை எல்லாவற்றையும் அவள் கணவன்தான் செய்துவைத்தான். எல்லாம் பின்னறையில் ஓடும் ஒரு கணினியிலிருந்து நடந்தது. வீடு மாறுவதால் அதை இன்று அணைக்க வேண்டும். காலையிலிருந்து ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டு, இப்போது மணி ஐந்தாகிவிட்டது.

வண்டிக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “அக்கா, எல்லாம் ஏத்தியாச்சு. உள்ள ஒரு பெட்டி மட்டும் ஓடிட்டே இருக்கே, அத இங்கயே குடிவெச்சுட்டுப் போறீங்களா?”

“பத்து நிமிஷம்ணா. அதையும் எடுத்துட்டு வந்துடறேன்.”

“பாப்பா எங்க?”

“ரூம்ல ஷூ போடுது.”

பின்னறையில் சூடேறிய தூசியின் வாசனை. காலி வீட்டில் கணினி விசிறியின் ஓசை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டது, யாரோ மூக்கடைப்போடு நிதானமாக மூச்சு விடுவதைப்போல. ஒரே ஜன்னல், அதிலும் பாதியை மறைத்துப் பக்கத்து வீட்டு மதில். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள். எந்தக் கணினியை அணைப்பதானாலும் முதலில் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அணைக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பழக்கம். கடையைப் பூட்டும் முன் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரிதான். தன் மடிக்கணினியை இணைத்துப் பட்டியலைக் கேட்டாள்.

இரண்டு பேர். ஒன்று அவள். இன்னொன்று அவன்.

அதில் அதிசயமில்லை. அவன் இறந்து நானூற்றுப் பன்னிரண்டு நாள் ஆகிறது, அத்தனை நாளும் அவன் லாக்கின் திறந்தபடியே இருக்கிறது. கட்டி மூளையைத் தின்று அவனுடைய பேச்சைப் பறித்த பிறகு, சொல்ல வேண்டியதையெல்லாம் இந்த அறையில் உட்கார்ந்து இந்தத் திரையில்தான் அடித்துக் காட்டுவான். கடைசியாக அடித்தது பாதியில் நின்றுவிட்டது. ‘பாப்பாவ வெளிய’ என்று இருந்தது. கணினியை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தால் அந்த வரி போய்விடும். அதனால் அவள் செய்யவே இல்லை.

அந்த அரை வரிதான் இத்தனை நாள் அவளைத் தாங்கியது. ஏனென்றால் நோய் முற்றியபோது அவன், வெளிக்காற்று ஆகாது, வெளியே போனால் குழந்தை செத்துவிடும் என்று நம்பத் தொடங்கி, மூன்று நாள் வீட்டின் எல்லாப் பூட்டுகளையும் உள்ளிருந்தபடியே பூட்டியே வைத்திருந்தான். பாப்பா அழுது அழுது ஓய்ந்த அந்த ராத்திரி, அவன் தூங்கியதும், அவனுடைய அட்மின் உரிமையை, அதாவது அந்தக் கணினிக்கு முதலாளியாக இருக்கும் உரிமையை, அவள் பிடுங்கினாள். அவன் கட்டிய வீட்டில் அவனைச் சாதாரண ஆளாக்கினாள். எழுந்து பார்த்துவிட்டு அவன் அவளை முறைக்கக்கூட இல்லை. அதை அவளால் மறக்க முடியவில்லை. போகும்போதாவது மனசு மாறினானே, பாப்பாவை வெளியே கூட்டிப்போ என்று சொல்ல வந்தானே என்று அந்த அரை வரியைப் பிடித்துக்கொண்டு அவள் பிழைத்துக் கிடந்தாள்.

பட்டியலை மறுபடி பார்த்தாள். அவன் பெயருக்கு நேரே, கீபோர்டைத் தொட்டு எவ்வளவு நேரமாயிற்று என்ற இடத்தில், எப்போதும் நாட்கணக்கு இருக்கும்.

இன்று ‘0 விநாடி’ என்று இருந்தது.

போன வாரம் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவளே ஒரு மெயில் அனுப்பியிருந்தாள். கெர்னலில், அதாவது கணினியின் அடிவேரில், ஒரு ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள். சாதாரண லாக்கின் உள்ளவன் அதன் வழியாக மொத்தக் கணினிக்கும் முதலாளி ஆகிவிடலாம். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் கதைதான். கீழே அவளே ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘வெளியிலிருந்து யாராலும் முடியாது, ஏற்கெனவே உள்ளே இருப்பவரால்தான் முடியும், பயம் வேண்டாம், ஆனால் சரிசெய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.’ ஊருக்குத்தான் உபதேசம். தன் வீட்டில் அவள் அதைச் செய்யவில்லை.

மெல்லத் தலையைத் திருப்பி அவனுடைய திரையைப் பார்த்தாள். அதன் முன்னால் அவனுடைய கீபோர்டு. அதன்மேல் ஒரு வருஷத் தூசி, விரல் பட்ட தடமே இல்லாமல்.

திரையில், ‘பாப்பாவ வெளிய’ என்பதற்குப் பக்கத்தில், கர்சர் கோடு விட்டுவிட்டு மின்னியது.

ஒரு எழுத்து வந்தது. நின்றது. அவன் அப்படித்தான் அடிப்பான், ஒற்றை விரலால், தேடித் தேடி.

‘பாப்பாவ வெளிய வி’

கீபோர்டில் எதுவும் அசையவில்லை.

‘பாப்பாவ வெளிய விடாத’

நானூற்றுப் பன்னிரண்டு நாள் எதைக் கட்டிக்கொண்டு அழுதோம் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அழுகை வரவில்லை. கை மட்டும் தானாக மடிக்கணினிக்குப் போனது. அவன் லாக்கினைத் துண்டிக்கக் கட்டளை அடித்தாள்.

‘உங்களுக்கு அனுமதி இல்லை.’

தப்பாக அடித்துவிட்டோமோ என்று மறுபடி அடித்தாள். அதே பதில். பிறகுதான் வரியின் தொடக்கத்தைப் பார்த்தாள். முதலாளியின் வரி ஹேஷ் (#) குறியோடு தொடங்கும், சாதாரண ஆளின் வரி டாலர் ($) குறியோடு. அவளுடைய வரியில் டாலர் இருந்தது.

அவன் திரையில் ஹேஷ்.

ஸ்டூல் சாய்ந்தது. மேஜைக்கு அடியில் புகுந்து ஒயரைப் பிடுங்கினாள். பேட்டரிப் பெட்டி கீச்சிட்டது. அதையும் பிடுங்கினாள். விசிறி சுழன்று, தளர்ந்து, நின்றது. திரை கறுத்தது.

அமைதி. வெளியே வண்டியின் இன்ஜின் உறுமல் மட்டும்.

“பாப்பா, வாடா, போலாம்.” குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

 கூடத்தைத் தாண்டி ஓடினாள். பாப்பாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. பூட்டின்மேல் சிவப்புப் புள்ளி. கைப்பிடி அசையவில்லை.

“பாப்பா, கதவத் திற.”

“நான் பூட்டலம்மா.”

“சரி. ஒண்ணுமில்ல. கைப்பிடிய நல்லா இழுத்துப் பாரு.” உள்ளங்கையால் அறைந்தாள். தோளால் மோதினாள்.

 பிறகு பாப்பா பேசினாள். பயமே இல்லாத குரல்.

“அம்மா, தட்டாத. திறக்காதாம்.”

“யாருடா சொன்னா?”

அவள் கைப்பிடியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

வண்டியில் கடப்பாரை இருந்தது. காலையில் பீரோவை நெம்ப அதைத்தான் எடுத்தார்கள். வண்டிக்காரரும் வந்தால் இரண்டு அடியில் உடைத்துவிடலாம். வாசல் கதவை அகலத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள்.

“அண்ணா. கடப்பாரை. சீக்கிரம்.”

மூன்றாவது படியில் கால் வைத்தபோது பின்னால் கேட்டது. மெல்ல, அவசரமில்லாமல், கதவு சாத்திக்கொள்ளும் சத்தம். அப்புறம் பூட்டு விழும் சத்தம்.

திரும்பி ஓடிவந்து கைரேகைப் பூட்டில் விரலை வைத்தாள். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. அடுத்த விரல். சிவப்பு.

வண்டிக்காரர் கடப்பாரையோடு வந்து நின்றார். “என்னக்கா ஆச்சு?”

அவள் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை அழுத்தி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடுங்கிய ஒயர் இன்னும் அவளுடைய இடக்கையில் தொங்கியது. இருட்டத் தொடங்கிய கூடத்தில், கணினி அணைந்த பின்னும், அந்தச் சின்னத் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது.

‘உள்ளே இருப்பவர்கள்: 2.’