கேட்டுத் தொடும் கை

திரையின் முடிச்சு அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

முதியோர் இல்லத்தில் தையல்காரம்மாவின் கட்டிலைச் சுற்றியிருந்த அந்தத் திரை வேலைக்கு இடைஞ்சல் என்று, ஆயாக்கள்தான் அதைச் சுருட்டிக் கம்பியோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பல்லால் கடித்தாலும் அவிழாத முடிச்சு. தையல்காரம்மாவுக்கு முடிச்சைப் பற்றித் தெரியாதா என்ன? பக்கவாதத்தில் வாயும் கைகாலும் அடங்கிப்போனாலும் கண் அடங்கவில்லை. தலையை மட்டும் அசைப்பாள். சரி, வேண்டாம், அவளிடம் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு, மருந்து நெடி போகட்டும் என்று வராந்தாக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, பெரிய ஆயா அவள் நைட்டியை ஒரே இழுப்பில் உருவினாள். தண்ணீர் கேன் கொண்டுவந்தவர் கூச்சப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்த வயசுல பாட்டிக்கு வெக்கத்தப் பாரேன்! இரு, துவைச்சது எடுத்துட்டு வரேன்."

கெட்டவள் இல்லை. வேலை அப்படி. ஆனால் அளவு கொடுக்க வந்த எந்தப் பெண்ணையும், திரையை இழுத்துவிட்டு "தொடட்டுமாம்மா?" என்று கேட்காமல் தொட்டவள் இல்லை தையல்காரம்மா. இப்போது வெற்றுடம்பாகக் கிடந்தாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை வரவில்லை.

கம்பியில் வளையங்கள் உரசின. திரை தானாக நகர்ந்து, மெல்ல, மிக மெல்ல, அவளைச் சுற்றி மூடிக்கொண்டது. தைல வாசனை. பக்கத்துக் கட்டில்காரியின் தைலம். அந்தக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்தாகிவிட்டது.

சாகிற அன்று அவள் கிசுகிசுத்திருந்தாள்: "யாரோ வந்து திரையப் போட்டுட்டு, தொடட்டுமான்னு கேக்கறா, அக்கா. தினமும் வேணாம்னேன். இன்னிக்கு சரின்னுட்டேன்."

"தொடட்டுமா, அக்கா?"

செத்துப்போனவளின் அதே குரல். நீலம் பாய்ந்த விரல்கள். தையல்காரம்மா பதறித் தலையை ஆட்டினாள். வேண்டாம். மகள் வரப்போகிறாள். வேண்டாம்.

கை நின்றது. வேண்டாம் என்றதும் நின்ற கையை அவள் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

வராந்தாவில் மகளின் குரல். கூடவே மருமகனின் குரல்.

"உள்ளதான் இருக்காங்க, போங்க," என்றாள் ஆயா. "திரைதானே, இழுத்துட்டுப் போங்க."

மருமகன் பார்த்துவிடுவான். இப்படியே. செருப்புச் சத்தம் நெருங்கியது. மகளின் முகத்தை ஒரே ஒரு முறை பார்க்க வேண்டும். செருப்புச் சத்தம். திரையில் விரல் நிழல்.

சரி, என்று தலையசைத்தாள்.

சில்லிட்ட கைகள், ஆயா உருவிப் போட்டிருந்த நைட்டியை மாட்டி, ஒவ்வொரு பொத்தானாக, அவசரமே இல்லாமல் பூட்டின.

திரை விலகியது. "அம்மா!" என்று மகள் அலறினாள். கழுத்துவரை பொத்தான் போட்டு, கண் மூடிக் கிடந்த தாயைக் கட்டிக்கொண்டு அலறினாள். பக்கத்திலேயே நின்று தையல்காரம்மா அவளைப் பார்த்தாள். தொடக் கை நீட்டினாள். மகள் சரி என்று சொல்லவில்லையே.

எதிர்க் கட்டிலில் இன்னொருத்தி துணி விலகிக் கிடந்தாள். அவளுடைய திரையின் முடிச்சு தையல்காரம்மாவின் விரலுக்கு உடனே இளகியது.

"தொடட்டுமாம்மா?"

அந்தக் கிழவி வாயை அகலத் திறந்தாள். சத்தம் வரவில்லை.