இடது காது நலம்

மழைக்கு ஒதுங்கியவர் போலக் கதவோரம் நின்றிருந்தார் அவர். "அடுத்தது யாரு?" என்று நிமிர்ந்த நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அந்தக் கண்கள்... பதினோரு வருடம் ஆகியும் அப்படியே இருந்தன. காதோரம்தான் நரைத்திருந்தது.

"சிஸ்டர்... நீங்க இங்கயா?" என்றார் முன்னாள் சிப்பாய்.

"காது சோதிக்கிறத விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? உக்காருங்க. சத்தம் கேட்டா பட்டனை அழுத்தணும். அன்னிக்கு மாதிரி என் விரலைப் பாத்து அழுத்தக் கூடாது."

"விரலைப் பாக்கல. முகத்தைத்தான்..."

அவள் சட்டென்று திரும்பிக்கொண்டாள்.

சோதனை முடிந்தது. இடது காதில் எதுவுமே கேட்கவில்லை. அவர் கொண்டுவந்த கோப்பைப் புரட்டினாள். ஊன ஓய்வூதியம் கேட்டு இரண்டு விண்ணப்பம், இரண்டும் தள்ளுபடி. காரணம் ஒரே ஒரு காகிதம். போர்முனையில் அவர் பக்கத்தில் குண்டு வெடித்த மறுவாரம் முகாம் மருத்துவமனையில் எழுதிய குறிப்பு. 'இடது காது நலம்.' கீழே அவளுடைய கையெழுத்து.

அவள் அந்தக் கையெழுத்தையே பார்த்தாள். அன்றே வைத்தியம் பார்த்திருந்தால் கொஞ்சமாவது கேட்டிருக்கும்.

"இது பொய்னு எழுதித் தரேன்."

"வேணாம். உங்க வேலைக்கு உலை வெச்சு எனக்கு பென்ஷனா? கெஞ்சி எழுத வெச்சவன் நான். இன்னிக்கு எடுத்த ரிப்போர்ட் மட்டும் குடுங்க."

"ரோஷம் மட்டும் குறையவே இல்ல..."

அவர் விறைப்பாக எழுந்து ஜன்னலுக்குப் போனார். மழை விடவில்லை. அவள் எழுதத் தொடங்கினாள். பொய் எழுதிய காரணத்தையும் சொல்ல வேண்டுமே... 'அவர் கெஞ்சியதால்' என்று எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

அவர் படித்தார். 'அவர் கெஞ்சியதால் அல்ல. உண்மையை எழுதியிருந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவர் போவதை என்னால் தாங்க முடிந்திருக்காது.'

மறுபடி முதலிலிருந்து படித்தார். அந்தக் குறிப்புக்குப் பத்தாம் நாளே அவருடைய படை வேறு முனைக்குப் போய்விட்டது. பொய்யால் கிடைத்தது பத்தே நாள்தான்.

"நான் எதுக்குக் கெஞ்சினேன்னு நினைச்சீங்க?" என்றார். "பட்டாளத்து மேல பாசமா?"

அவள் பேனாவை மூடினாள்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, காது போனாப் போகுதுன்னு ஊருக்குப் போயிருப்பேன்... உங்களையும் கூட்டிக்கிட்டு."

அவள் மேசையைச் சுற்றி அவருக்குக் காது கேட்கும் வலப்பக்கம் வந்து நின்றாள்.

"இப்போ சொன்னா... கூட்டிக்கிட்டுப் போக மாட்டீங்களா?"