கடைசிக் குழியில் தண்ணீர்

"அளவுக்கோட்டை ஏத்தச் சொன்னது நீங்கதானே சார்?"

"சொன்னேம்மா. ரிப்போர்ட்ல கையெழுத்து யாரோடது?"

ராஜகீழ்ப்பாக்கத்தில் மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்த லேப் அது. சண்டை கீழே அரைக்க வந்தவர்கள் வரை கேட்டது. அவர்களும் அவசரமில்லாமல் கேட்டார்கள். 2007இல் வந்த ரியல்டைம் பிசிஆர் மெஷின் மேல் முதலாளி சத்யநாராயணனுக்குப் பெற்ற பிள்ளை மாதிரிப் பிரியம். டெக்னீஷியன் ஷாயிஸ்தாவோ இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அதைத் தொட்டாள்.

கிருமியின் டிஎன்ஏ இருந்தால் மெஷின் அதைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும். குழாய் வைத்த குழி பச்சையாக ஒளிரும், திரையில் வளைவு ஏறும். மொத்தம் நாற்பது சுற்று. கிருமி அதிகமென்றால் சீக்கிரம் ஏறும். கடைசிக் குழியில் மட்டும், சரிபார்க்க, வெறும் தண்ணீர். அது ஏறவே கூடாது.

இரண்டு மாதம் முன்பு அது முப்பத்தொன்பதாவது சுற்றில் ஏறியது. எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சோம்பல்பட்டு, கிருமி உண்டு, இல்லை என்று பிரிக்கும் அளவுக்கோட்டைக் கொஞ்சம் மேலே இழுக்கச் சொன்னார் சார். ஷாயிஸ்தா இழுத்தாள். தண்ணீர் நல்ல பிள்ளையாகக் கோட்டுக்குக் கீழே போனது. கூடவே இரும்புலியூர் சரோஜினியின் முதுகுத்தண்டு நீர் ஏறிய வளைவும் போனது. காசநோய்க் கிருமி இல்லை என்று ரிப்போர்ட். பதினோராம் நாள் சரோஜினி செத்துப்போனாள்.

அன்றிலிருந்து தண்ணீர் தினம் ஒரு சுற்று முன்னால் ஏறியது. புது பாட்டில், புது மருந்து, பிளீச்சிங் வாடை மூக்கை அறுக்கும்வரை துடைத்த மேஜை.

"நாலு தபா கய்விட்டேன் பாப்பா, இன்னும் இன்னா கீது அதுல?" என்றாள் கூட்டிப் பெருக்கும் பச்சையம்மா.

நேற்று இரண்டாவது சுற்று.

"குழாயே வைக்காம ஓட்டிப் பாரு, பைத்தியம் தெளியும்" என்று சொல்லிவிட்டு சார் சாப்பிடப் போனார்.

மதியம் மூன்று மணி. மில் நின்றிருந்தது. ஏசியிலிருந்து வாளியில் சொட்டிய தண்ணீரும், மெஷினுக்குள் சூடேறி ஆறும் மெல்லிய முனகலும், எங்கிருந்தோ வந்த ஈரப் பஞ்சு, டெட்டால் வாடையும் அந்தச் சின்ன அறையில் ஷாயிஸ்தாவை நெருக்கிக்கொண்டு நின்றன. மூடியைத் திறந்து பார்த்தாள். எல்லாக் குழியும் காலி. மூடினாள். பொத்தானை அழுத்தினாள்.

முதல் சுற்று.

வளைவு ஏறவில்லை. ஏற்கெனவே உச்சியில் இருந்தது.

சொட்டுச் சத்தம் நின்றது. வாளிக்குள் பச்சை.

அவள் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கினாள். அந்த ரிப்போர்ட்டைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

சத்யநாராயணன் லேபை மூடிவிட்டு மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். ஷாயிஸ்தாவுக்கு வாணியம்பாடியில் ஃபைஸோடு நிக்காஹ் ஆனது. தங்கமான மாப்பிள்ளை. மருமகள் தண்ணீரே குடிக்காமல் டீயிலேயே காலம் தள்ளுகிறாள் என்பதுதான் மாமியார் ஊரெல்லாம் சொன்ன குறை. மறுவருஷம் ஷாயிஸ்தாவுக்கு விடாத தலைவலி, காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள்.

நர்ஸ் குழாயை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்தாள்.

"தண்ணி மாதிரி தெளிவா இருக்கும்மா. பயப்படாதீங்க."

அடியிலிருந்து, மெதுவாக, பச்சை ஏறிக்கொண்டிருந்தது.