துடைக்கத் துடைக்க

மதியம் இரண்டரை மணிக்கு அந்தத் தெருவில் ஈ, காக்கை இல்லை. அடைத்த ஜன்னல்களுக்குப் பின்னால் எல்லா வீடுகளும் தூங்கிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஸ்க்ரூ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பையில் எப்போதும் ஏழெட்டு ஸ்க்ரூடிரைவர் இருக்கும். வாயும் சும்மா இருக்காது. கடைசி வீட்டின் அழைப்பு மணியை அழுத்தக் கையை நீட்டினாள். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

"மணி அடிக்காதே," என்றாள் வீட்டுக்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணைச் சுற்றிக் கறுத்துக் கிடந்தது. "எனக்கு அந்தச் சத்தமே ஆகாது."

பையை ஹாலில் வைக்கச் சொல்லி, வீட்டின் கடைசி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். நாத்தனாருடைய கம்ப்யூட்டர். நடக்க முடியாதவள், மூச்சிரைப்பு வேறு. பதினோரு வருஷமாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒலிப்பதிவுகளைக் கேட்டு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். இருபது நாளைக்கு முன்னால் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

"அவரு நாலு மணிக்கு வந்துடுவாரு. தங்கச்சி எழுதினது, படம் எல்லாம் பார்க்கணுமாம். அதெல்லாம் இருக்கட்டும். இன்டர்நெட்ல என்னென்ன தேடினான்னு உள்ளே இருக்குமாமே, அதை மட்டும் சுத்தமா துடைச்சிடு."

"அஞ்சு நிமிஷ வேலைக்கா. எங்க வீட்டுக்காரர் தினமும் துடைக்கிறாரு. எதுக்குன்னு நான் கேட்டுக்கிறதில்ல."

வீட்டுக்காரி சிரிக்கவில்லை. அறை வாசலோடு நின்றுகொண்டாள். உள்ளே கால் வைக்கவில்லை.

அறையில் ஒரு நெடி இருந்தது. மூச்சிரைப்புக்காரர்கள் வாயில் அடித்துக்கொள்ளும் மருந்தின் நெடி. இருபது நாளாகப் பூட்டிக் கிடந்த அறை என்று சொன்னால் நம்ப முடியாது. இப்போதுதான் யாரோ அடித்துக்கொண்டது போல அவ்வளவு புதிதாக இருந்தது.

ஸ்க்ரூ அக்கா உட்கார்ந்து பிரவுசரைத் திறந்தாள். அடுத்தவர் தேடியதைப் படிப்பதில்லை என்பது அவள் வைத்திருந்த கொள்கை. நேராக அழிக்கும் இடத்துக்குப் போய், 'எல்லா நாட்களும்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். ஹிஸ்டரி, குக்கீ, கேஷ் மூன்றுக்கும் டிக் அடித்தாள்.

"இந்த குக்கீ இருக்கே, நீங்க முன்னாடி வந்துட்டுப் போன ஆளுன்னு அடையாளம் வச்சுக்கிற சீட்டு மாதிரிக்கா. கேஷ்ங்கிறது, ஒரு தடவை பார்த்ததை மறுபடி காட்ட வசதியா ஒரு பிரதி எடுத்து வச்சுக்கிறது. மூணும் போயிட்டா, இப்படி ஒருத்தி இங்கே உட்கார்ந்திருந்தான்னே இதுக்குத் தெரியாது."

அழுத்தினாள். பக்கம் வெறுமையானது. சரிபார்க்க ஹிஸ்டரியை மறுபடி திறந்தாள்.

ஒரு வரி இருந்தது.

'கதவு வெளியே தாழிட்டிருந்தால் உள்ளிருந்து திறப்பது எப்படி.'

பக்கத்தில் நேரம்: இன்று, 2:41. திரையின் மூலைக் கடிகாரத்திலும் அதே 2:41.

"அக்கா, இதுல நெட் இருக்கா?"

"அன்னைக்கே நிறுத்திட்டாரே."

மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். இன்டர்நெட் வயர் எதிலும் சொருகாமல் தரையில் கிடந்தது.

ஏதோ கோளாறு என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடியும் அழித்தாள். மறுபடியும் திறந்தாள்.

'இன்ஹேலர் தீர்ந்துவிட்டால் உடனே என்ன செய்வது.' 2:43.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. முதலில் கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஃபேன் என்று நினைத்தாள். குனிந்து பெட்டியில் காதை வைத்தாள். அங்கிருந்து வரவில்லை.

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. உள்ளே இழுக்க முடியாமல் இழுக்கும் மூச்சு. விசில் போல மெலிந்து, அறுந்து, மறுபடி தொடங்கும் மூச்சு.

திரும்பினாள். யாருமில்லை. திறந்திருந்த கதவின் உள்பக்கம் மட்டும் கண்ணில் பட்டது. உட்கார்ந்திருப்பவரின் கை எட்டும் உயரத்தில் பெயின்ட் கீறிக் கீறி, மரம் வெளுத்துத் தெரிந்தது.

"அக்கா," என்றாள். "அன்னைக்கு இந்தக் கதவு சாத்தியிருந்ததா?"

வீட்டுக்காரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷம்மா. ராத்திரியும் பகலும் மணி அடிப்பா. தண்ணி, முதுகு வலிக்குது, பயமா இருக்கு. அவ மேல தப்பு இல்ல. ஒரே ஒரு மத்தியானம் தூங்கணும்னு நினைச்சேன். மணியை எடுத்துட்டேன். போனையும் எடுத்துட்டேன். கத்தினா கேட்கக் கூடாது, வெளியே வந்து எழுப்பவும் கூடாதுன்னு தாழ்ப்பாளைப் போட்டுட்டு, காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் படுத்தேன்." அவள் உதடு கோணியது. "ஒரு மணி நேரம்னு நினைச்சேன். எழுந்தப்போ அஞ்சாயிடுச்சு. தூக்கத்துல போயிட்டான்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். துடைச்சிடும்மா. உன் கால்ல விழறேன்."

"நான் துடைக்கிறேன்க்கா. அது போக மாட்டேங்குது."

வீட்டுக்காரி வெறி பிடித்தவள் போல உள்ளே வந்தாள். மவுஸைப் பிடுங்கித் தானே அழித்தாள். ஒருமுறை. இன்னொருமுறை. மூன்றாவது முறை.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

ஸ்க்ரூ அக்கா பாய்ந்து போய்க் கதவை இடித்தாள். போன் ஹாலில் பையோடு கிடந்தது. ஜன்னலுக்கு ஓடினாள், கொண்டி இறுகிப்போய் அசையவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். தூங்கும் தெருவில் யாருக்குக் கேட்கும்? அறையில் காற்று குறைந்துகொண்டே வந்தது. எவ்வளவு இழுத்தும் மூச்சு நெஞ்சுக்குள் இறங்கவில்லை. இப்போது மூன்று பேர் இரைத்துக்கொண்டிருந்தார்கள்.

கண்கள் இருட்டும் நேரத்தில் திரையில் ஒரு புதிய வரி தோன்றியது. ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல்.

'அண்ணி எப்போது எழுந்திருப்பார்கள்.'

வீட்டுக்காரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் மண்டியிட்டு, சக்கர நாற்காலி இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டிச் சொன்னாள்.

"எழுந்துட்டேன்ம்மா. அண்ணி எழுந்துட்டேன்."

இரைப்பு சட்டென்று நின்றது.

தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. நாலு மணிக்கு முன்பே வந்துவிட்ட வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார், கையில் ஆபீஸ் பையோடு. "வெளியே யாரு தாழ் போட்டது?" என்றார். பிறகு அவர் பார்வை திரைக்குப் போனது. அதைப் படித்தார். இன்னொருமுறை படித்தார்.

"யாரு தாழ் போட்டது?"

"நான்தான்," என்றாள் அவர் மனைவி. "இன்னைக்கு இல்ல. அன்னைக்கு."

ஸ்க்ரூ அக்கா பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். ஒரு வாரம் கடையைத் திறக்கவில்லை. அறைக் கதவைச் சாத்தினால் தூக்கம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, மதியத்தில் வீட்டுக்காரரின் போன் வந்தது.

"அழிக்கணுமா சார்?" என்றாள் பயந்துகொண்டே.

"வேண்டாம்மா." குரல் மிகவும் தணிந்திருந்தது, பக்கத்தில் யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போல. "அன்னையிலிருந்து இவ ஒரு பொட்டுக் கண் மூடல. ராப்பகலா அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தா. இன்னைக்குத்தான் கம்ப்யூட்டருக்கு முன்னாடியே தலை சாய்ச்சுத் தூங்கறா. போய்ப் பார்த்தேன். புதுசா ஒரு வரி வந்திருக்கு. நாங்க யாரும் அதைத் தொடல."

"என்ன வரி சார்?"

அவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"'சத்தம் வராமல் மூச்சு விடுவது எப்படி.'"

போனில் இவ்வளவு நேரமும் ஒரு இழுப்பு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவருடைய மூச்சு என்று அவள் நினைத்திருந்தாள். அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே, அது மெல்ல மெல்ல, மிகுந்த கவனத்தோடு, தன்னை அடக்கிக்கொண்டது.