சாக்குத் தையல்

விழுப்புரத்திலிருந்து மாற்றலாகி டாக்டர் மாசிலாமணி திண்டிவனம் வந்து சேர்ந்தது, அறுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசியில், ஒரு காலை வேளை. அந்தப் பழைய ஆஸ்பத்திரி வார்டில் கால் வைத்ததுமே சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடினார்.

சர்க்கரை வியாதிக்காரி அஞ்சம்மாள். வயிற்றில் ஆபரேஷன் செய்த இடம் பிளந்து, சீழ் கோத்து, செத்த எலி நாற்றம்.

இப்படிப்பட்ட புண்ணைத் திறந்தே வைத்து, தினமும் கழுவி, சதை சிவந்த பிறகுதான் தைக்க வேண்டும். உள்ளே சீழை வைத்துத் தைத்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். மாசிலாமணிக்கு இது தெரியாததா என்ன? ஆனாலும் மனிதர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, பட்டு நூலால் அவசர அவசரமாக இழுத்து மூடிவிட்டார்.

"தொறந்து வுடறதுதானே சார் வழக்கம்?" என்றாள் நர்ஸ் ஜெயம்.

"நாத்தம் தாங்கல. ஜல்தியா கட்டுப் போடும்மா."

மத்தியானம் சோறு இறங்காமல் திரும்பி வந்து கட்டைப் பிரித்தார்.

பட்டு நூல் ஒன்றுகூட இல்லை.

மேலிருந்து கீழ்வரை சணல். சவக்கிடங்கில் பிணத்தை அறுத்த பிறகு சாக்கு மூட்டை போலத் தைப்பார்களே, அதே தையல். துளைக்குத் துளை மஞ்சளாகக் கசிந்தது.

சீ!

அஞ்சம்மாள் கண் திறந்தாள். "யாரோ தெச்சிக்கினே இருந்தாருங்க டாக்டரய்யா. தேம்பித் தேம்பி அழுதுக்கினு."

"பொணம் தைக்கிறவன யாரு உள்ள வுட்டது?" என்று ஜெயத்தின் மேல் பாய்ந்தார்.

அவள் குரல் அடங்கிப்போயிருந்தது. "சவக்கிடங்கு ராயப்பனா? அவரு போன மழைக்கே செத்துட்டாரு சார். அவருக்கும் வயித்துலதான் புண்ணு. முன்ன இருந்த டாக்டர் நாத்தம் பொறுக்காம மூடிட்டாரு. உள்ளயே அழுகிப்போச்சு."

எங்கோ சணல் இழுபடும் சத்தம், சர்ரென்று.

மாசிலாமணி கத்திரியை எடுத்தார். சணலை அறுத்ததும் சீழ் பீறிட்டு முழங்கைவரை வழிந்தது. ஓங்கரித்துக்கொண்டே கழுவினார். இந்த முறை மூடவில்லை. நாளாக ஆகச் சதை சிவந்து வந்தது. தோலை நூல் அறுக்காதபடி ரப்பர் குழாய்த் துண்டுகளில் கோத்து, நிதானமாகத் தைத்தார். அஞ்சம்மாள் தன் காலால் நடந்து மயிலம் பஸ் ஏறினாள்.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

பிறகு மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடி கொத்தும்போது மண்வெட்டி பட்டு, கால் அழுகிய ஒருவனைத் தூக்கி வந்தார்கள். அதே நாற்றம். பழக்க தோஷம், டாக்டரின் கை கைக்குட்டைக்காகச் சட்டைப் பைக்குப் போனது.

விரல் உள்ளே நுழையவில்லை.

பையின் வாயைச் சணலால் தைத்திருந்தது. சணல் இன்னும் ஈரமாக இருந்தது.